நியூயார்க் எத்தனை மணி நேரம்?

திருப்பூர் நல்லூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் சரக்கு வாங்கும் பையரைப் பார்க்க நியூயார்க் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து பூமியின் வளைவையொட்டி அளந்தால் மிகக் குறுகிய வழி சுமார் 13,500 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வகுத்தால் 15 மணி நேரம். இணையத்தில் தேடினாலும் ஏறக்குறைய இந்த விடைதான் வரும். ஆனால் நல்லூர் வீட்டு வாசலிலிருந்து நியூயார்க் ஓட்டல் அறைக்குப் போய்ச் சேர ஒரு முழு நாள் தாண்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் நேரத்துக்குத் தூரத்தின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

சுற்றிப் போவதால்தானே தாமதம் என்பார்கள். அளந்து பார்ப்போம். 2024 ஆகஸ்டில் இண்டிகோ கோவையிலிருந்து அபுதாபிக்கு நேரடி விமானம் தொடங்கியது. அபுதாபி வரை ஏறக்குறைய 2,800, அங்கிருந்து நியூயார்க் 11,000 சொச்சம், மொத்தம் 13,800. சுற்று வெறும் 300 கிலோமீட்டர், அதாவது இருபது நிமிடம். காற்று அதைவிட அதிகம் தின்கிறது. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்றை எதிர்த்துப் போவதால் அபுதாபி–நியூயார்க் 14 மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட, ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். மீதியெல்லாம் தரையில் போகிறது. காங்கேயம் ரோட்டிலிருந்து திருப்பூர் நெரிசலைத் தாண்டி அவினாசி ரோட்டைப் பிடிப்பது, மூன்று மணி நேரம் முன்னதாகவே கவுண்டரில் நிற்பது, அடுத்த விமானத்துக்காகக் காத்திருப்பது. தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து மறுபடி போடும் வேலையும் உண்டு. அபுதாபியிலேயே அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை முடிந்துவிடுவது ஒரு வசதி. நியூயார்க்கில் இறங்கி நிற்க வேண்டிய வரிசையில் அபுதாபியிலேயே நின்றுவிடுகிறோம், அவ்வளவுதான்.

நேரடி விமானம் வந்தால் இதெல்லாம் தீராதா? ஓரளவு தீரும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா பெங்களூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நிற்காமல் பறக்கத் தொடங்கியது. சுமார் 14,000 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில எரிபொருளுக்காக வியன்னாவில் இறங்க வேண்டியதாயிற்று. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன; வழிதான் மாறியது. தவிர, அவ்வளவு பெரிய விமானத்தைத் தினமும் நிரப்பக் கோவையில் ஆள் கிடைக்குமா என்பதையும் கம்பெனிகள் பார்க்கும்.

சரக்குக்கும் இதே கதைதான். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்ட ஆர்டரை ஏர் பிரெயிட்டில் அனுப்பினால் ஒரே நாளில் போய்விடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. பறக்கும் நேரம் ஒரு நாளுக்குள்தான். ஆனால் செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடித்து டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி லாரியில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், கஸ்டம்ஸ் முடிந்து, விமானத்தில் இடம் கிடைக்கும்வரை கிடங்கில் கிடக்கிறது. கட்டணமும் எடையை மட்டும் பார்ப்பதில்லை: 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று இடத்தையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்கே பில் போடுகிறார்கள். 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டிக்குள் 12 கிலோ பனியன் இருந்தாலும் 16 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும்.