தழும்புதான் சின்னது

பெருவிரலின் அடியில், பாதத்தின் உட்பக்கம் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்க, விரலோ அடுத்த விரலின் மேல் சாய்ந்துகிடப்பதைப் பலரிடம் பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள் இதைப் ‘பனியன்’ என்பார்கள். சட்டைக்குள் போடும் பனியனுக்கும் இதற்கும் ஒட்டுறவு கிடையாது. முண்டு புதிதாக முளைத்த எலும்பு என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது பெரும்பாலும் இடம் மாறிய எலும்பின் தலைதான். பெருவிரலைத் தாங்கும் பாத எலும்பு உட்பக்கமாக விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எக்ஸ்ரேயில் அந்தச் சாய்வு 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு. 40-ஐத் தாண்டினால் கடுமை. ஆகவே ஆபரேஷனில் முண்டைச் சீவினால் மட்டும் போதாது. எலும்பை வெட்டி, நகர்த்தி, திருகாணி போட்டு நிறுத்த வேண்டும். திறந்து செய்தாலும் துளை வழியே செய்தாலும் இந்த வேலை குறைவதில்லை. துளை என்றதும் சின்ன ஆபரேஷன் என்று எண்ணுவதுதான் பிழை.

திறந்த முறையில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறி, எலும்பைக் கண்ணால் பார்த்து, மெல்லிய ரம்பத்தால் அறுக்கிறார்கள். துளை முறையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் கீறல்கள். உள்ளே போவது சுழலும் குடைமுனை. குடைந்த எலும்பு மாவாகி, ஊற்றும் உப்புநீரோடு பசைபோல வெளியே வரும். அந்த நீர் இல்லாவிட்டால் சூட்டிலேயே எலும்பு செத்துவிடும். குடைமுனையின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். அந்த அளவு எலும்பு கரைந்து போவதால் பாத எலும்பு குட்டையாகிவிடாதபடி வெட்டைச் சற்றுச் சாய்த்துப் போடவேண்டும். இத்தனையும் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, டாக்டர் தன் கைவிரல் உணர்ச்சியை நம்பி.

கண்ணால் பார்க்காமல் வெட்டுவது ஆபத்தில்லையா? பழக்கமில்லாத கையில் ஆபத்துதான். தொடக்ககாலத் துளை முறைக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெட்டிய எலும்பைத் திருகாணியால் நிறுத்தாமல் வெளியே சுற்றும் கட்டுத்துணியை நம்பினார்கள். இப்போது திருகாணி வந்துவிட்டது. ஒப்பீட்டு ஆய்வுகளில் முதல் சில வாரங்களில் துளை முறைக்காரர்களுக்கு வலி குறைவு. ஆண்டு கடந்தால் விரலின் கோணத்திலும் நடையிலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. அப்படியானால் புது முறை எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சில வாரங்கள் நோயாளிக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் எலும்பு ஒன்றுகூட ஆறு வாரமாவது ஆகும். தழும்பைப் பார்த்து அது அவசரப்படாது. வலியில்லாத முண்டுக்கு எந்த முறையும் வேண்டாம். வலிக்கிறது என்றால், தழும்பு எவ்வளவு இருக்கும் என்று விசாரிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்: “இந்த முறையில் எத்தனை பாதம் செய்திருக்கிறீர்கள்?”