கறுப்பின் விலை

சித்திரக்காரனின் கருவிகள் – 9

ஓவியம் பயிலத் தொடங்கிய ஒருவர், பள்ளிப் பிள்ளைகளின் பைகளிலெல்லாம் கிடக்கும் நடராஜ், அப்சரா பென்சில்களை ஒரு பக்கமும், ஜெர்மனியிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்து அவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக விலை சொல்லும் பென்சிலை மறுபக்கமும் வைத்துப் பார்த்து, இவ்விரண்டுக்கும் நடுவே கொடுக்கச் சொல்லும் பணம் எதற்காக என்று யோசிப்பாரானால், அந்த யோசனை முற்றிலும் நியாயமானதே. சென்ற வாரம் காகிதத்தைப் பற்றி எழுதினேன். காகிதத்துக்கு அடுத்தபடியாக விசாரிக்க வேண்டிய வஸ்து பென்சில். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த பென்சிலில் மெய்யான குணவிசேஷம் உண்டு. ஆனால் வாங்குகிறவர்களில் பலர் எதை நம்பி வாங்குகிறார்களோ அதில் அது இல்லை. அதிகக் கறுப்பு கிடைக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கிடைப்பது, முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரையில் கையை ஏமாற்றாத ஒரே சீரான சுபாவம்.

இதை விளங்கிக்கொள்ளப் பென்சிலின் பூர்வ சரித்திரத்துக்குச் சற்றே போகவேண்டும். பதினாறாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள கம்பர்லாந்து மலைப் பிரதேசத்தில், பாரோடேல் என்னும் பள்ளத்தாக்கில், உலகத்தில் வேறெங்கும் காணாத அளவுக்குக் கலப்பற்ற கிராபைட் கட்டிகட்டியாக அகப்பட்டது. அதை இடிக்கவும் வேண்டாம், சுத்திகரிக்கவும் வேண்டாம்; ரம்பத்தால் மெல்லிய குச்சிகளாக அறுத்து மரத்தில் பொதிந்துவிட்டால் அதுவே பென்சில். வெகு காலம் அதை ஈயத்தின் ஒரு ஜாதி என்றே ஜனங்கள் நம்பியிருந்தார்கள். 1779இல்தான் ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி ஷீலே அது கரியே என்று நிரூபித்தார். பீரங்கிக் குண்டுகளை வார்ப்பதற்கான அச்சுகளுக்கும் அது உபயோகப்பட்டபடியால், அதன் மதிப்பு எவ்வளவு உயர்ந்துவிட்டதென்றால், அந்தச் சுரங்கத்தில் திருடுவதைக் கடுங்குற்றமாக்கி 1752இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தனியாக ஒரு சட்டமே செய்தது.

1793இல் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் யுத்தம் மூண்டதும் இந்தச் சரக்கு பிரான்சுக்குப் போவது நின்றது. யுத்த காலத்தில் வரைபடம் எழுதப் பென்சில் இல்லாமல் முடியுமா? அந்த நெருக்கடியில்தான் நிக்கோலா-ழாக் கோன்ட்டே என்பவர், மட்டமான கிராபைட்டைப் பொடியாக்கிக் களிமண்ணோடு பிசைந்து, குச்சிகளாக்கி, சூளையில் சுட்டு எடுக்கும் முறையைக் கண்டு 1795இல் காப்புரிமை பெற்றார். களிமண் மிகுந்தால் குச்சி கடினமாகிக் கோடு வெளிறும். கிராபைட் மிகுந்தால் மிருதுவாகிக் கோடு கறுக்கும். ஒரே பொருளிலிருந்து வேண்டிய அளவு கடினத்தை வேண்டியபடி உண்டாக்கும் வித்தை இவ்வாறு மனிதன் கைக்கு வந்தது. இன்றைக்கு நாம் H என்றும் B என்றும் பென்சிலின் மேல் படிக்கும் எழுத்துகளுக்கெல்லாம் அடிப்படை இந்தக் கலவைதான். நடுத்தரமான HBயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராபைட் இருக்கும்.

கலவையின் ரகசியம் இப்போது யாருக்கும் ரகசியமில்லை. அப்படியிருக்க, ஒரு பென்சில் மற்றொன்றைவிட உயர்ந்ததாவது எதனால்? இதற்கு விடை சொல்ல, நாம் சற்றும் எதிர்பாராத ஒரு மனிதரைச் சாட்சியாக அழைக்கிறேன். சட்ட மறுப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தியடிகள் படித்துப் போற்றியதனால் நம் தேசத்தில் பெயர் பரவிய அமெரிக்க ஞானி ஹென்றி டேவிட் தோரோவின் குடும்பத் தொழில் பென்சில் செய்வது. மாசச்சூசெட்ஸ் மாகாணத்தில் கான்கார்ட் என்னும் ஊரில் அவருடைய தந்தை பட்டறை வைத்திருந்தார். அந்நாளைய அமெரிக்கப் பென்சில்கள் நறநறவென்று இழுப்பவை, பிசுபிசுப்பானவை என்று கெட்ட பெயர் எடுத்திருந்தன. தோரோ களிமண் கலவையைக் கைக்கொண்டதோடு நிற்கவில்லை; அரைக்கும் இயந்திரத்தையே மாற்றியமைத்தார். அரைபடும் பொடி காற்றோடு மேலே எழும்ப, மிக லேசான தூசி மட்டுமே உச்சிக்குப் போய்ப் படியும்படியும், கனத்த துகள்கள் மறுபடியும் கீழே விழுந்து அரைபடும்படியும் செய்தார். தோசைக்கு மாவாட்டும் வீட்டுக்காரி, விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, ஒரு குறுணை தட்டுப்பட்டாலும் இன்னும் ஆடட்டும் என்று விடுவாளே, அதே சிரத்தைதான் அது. அதன் பிறகு தோரோ வீட்டுப் பென்சில், ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்குக்கு ஈடாக நின்றது.

உயர்ந்த பென்சிலின் விலையில் பெரும்பங்கு இந்தச் சிரத்தைக்குத்தான் போகவேண்டும், நல்ல கம்பெனிகளில் போகவும் போகிறது. மூலப்பொருள் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் போகலை, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாக ஓடும் கிராபைட், தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கரியாகவே வெட்டி எடுக்கப்படுவது. பாரோடேல் வற்றிய பிறகு உலகம் நாடிய உயர்ந்த சரக்குகளில் அதுவும் ஒன்று. ஆனால் அப்பேர்ப்பட்ட சரக்கையும் அவசரமாக அரைத்து, களிமண்ணில் மணல் நீங்காமல் பிசைந்து, சூளையில் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் சுட்டால் கிடைப்பது கீறும் பென்சில்தான்.

கீறுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். ஓவியனுக்கு அது எவ்வளவு பெரிய துன்பம் என்பதை விவரமாகச் சொல்லவேண்டும். ஒரு முகத்தை வரைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்தின் மேல் வெளிச்சம் மெல்லக் குறைந்து நிழலாகும் இடத்தைக் கடினமான 2H பென்சிலால், காகிதத்தைத் தொட்டும் தொடாமலும், ஒரே திசையில் கோட்டின் பக்கத்தில் கோடாக, மணிக்கணக்கில் நிரப்பிக்கொண்டு வருகிறான். அந்த வேளையில் குச்சியில் ஒளிந்திருந்த ஒரு மணற்பொடி முனைக்கு வந்து காகிதத்தில் ஒரு பள்ளம் போட்டுவிடுகிறது. ரப்பரால் கறுப்பை எடுத்துவிடலாம்; பள்ளத்தை எடுக்க முடியாது. அதன் மேல் மறுபடி நிழலிட்டால் அந்தப் பள்ளம் கறுப்பு வாங்காமல் வெள்ளை நரம்பாகத் தெரியும். அன்றைய உழைப்பு முழுவதும் போயிற்று. இத்தகைய நுட்ப வேலை செய்கிறவர் உயர்ந்த பென்சில் வாங்குவது ஆடம்பரமல்ல. நெப்போலியன் வீழ்ந்தபின் ரோமாபுரியில் வருமானமின்றித் தவித்த பிரெஞ்சு ஓவியர் ஆங்கர், அங்கே யாத்திரை வந்த ஆங்கிலேயர்களைப் பென்சிலால் வரைந்து ஜீவனம் செய்தார். வழவழப்பான காகிதத்தில், கூர்மையான முனையால், மூக்கையும் இதழையும் கண்ணிமையையும் அவர் வரைந்திருக்கும் நேர்த்தியைப் பார்த்தால், நடுவில் இடறும் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கவே முடியாது என்பது விளங்கும்.

கடினமான கோடியில் பணத்துக்குப் பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. மிருதுவான கோடியில், அதாவது 4B, 6B, 8B என்று கறுத்துக்கொண்டே போகும் பக்கத்தில், விஷயம் இன்னும் சூட்சுமமானது. கிராபைட் என்பது ஏடு ஏடாக அடுக்கிய கரி. அந்த ஏடுகள் ஒன்றின் மேல் ஒன்று எளிதில் வழுக்குவதனாலேயே அது காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கோடாகிறது. அதே ஏடுகள் காகிதத்தில் படுக்கையாகப் படிந்துவிடுவதனால் வெளிச்சத்தைத் திருப்பியடித்துப் பளபளக்கவும் செய்கிறது. எவ்வளவுதான் அழுத்தினாலும், எத்தனை ரூபாய் கொடுத்த பென்சிலானாலும், ஒரு எல்லைக்கு மேல் கறுப்பு ஏறாமல் வெள்ளி போல் மினுங்கத் தொடங்கிவிடும். இது கிராபைட்டின் பிறவிக்குணம். விலையால் இதைக் குறைக்கலாம், போக்க முடியாது.

வின்சென்ட் வான்கோ இதோடு எவ்வளவு மல்லாடினார் என்பதற்கு அவருடைய கடிதங்களே ஆதாரம். 1882, 1883ஆம் ஆண்டுகளில் ஹேக் நகரத்தில் ஏழ்மையோடு போராடிக்கொண்டு அவர் தச்சர்கள் மரத்தில் குறியிடும் தடித்த பென்சிலைக் கொண்டே பெரிய படங்களை வரைந்தார். பளபளப்பு மாறி மந்தமான கறுப்பு வரவேண்டும் என்பதற்காக, முடித்த படத்தின் மேல் பாலை ஊற்றிப் பார்த்தார். பின்னால் ஃபேபர் கம்பெனியின் தடித்த மிருதுவான பென்சில் ஒன்று கைக்குக் கிடைத்ததும், அது தச்சுப் பென்சிலைவிடச் சிறந்தது, பெரிய படங்களுக்கு இன்பமானது என்று தம் நண்பர் வான் ரப்பார்டுக்கு உற்சாகத்தோடு எழுதினார். அன்றாட உணவுக்கே தம்பியின் கையை எதிர்பார்த்திருந்த ஒருவர், பென்சிலின் தரத்தைப் பற்றி இத்தனை அக்கறையோடு எழுதியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனிகிறது. இன்று அந்தப் பளபளப்பைக் குறைப்பதற்கென்றே, ஸ்டெட்லர் கம்பெனி லுமோகிராஃப் பிளாக் என்னும் ரகத்தில் கிராபைட்டோடு வேறு வகைக் கரியையும் சேர்க்கிறது. ஆழ்ந்த இருட்டு வேண்டுகிறவர் விலையுயர்ந்த 8Bயைத் தேடி அலைவதைவிட இப்படிப்பட்ட ஒன்றை நாடுவதே விவேகம். அதுவும் போதாதென்றால் கரிக்குச்சிக்குப் போய்விடலாம்.

இனி எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். ஜெர்மானிய ஓவியர் அடால்ஃப் மென்ட்ஸெல், கோட்டுப் பைகளில் சிறு நோட்டுப் புத்தகங்களைத் திணித்துக்கொண்டு, போகுமிடமெல்லாம் ஓயாமல் வரைந்தவர். பென்சில் சித்திரத்தில் அவருக்குச் சமானமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருந்தார்கள். அவருடைய பிற்காலப் படங்களில் அநேகம் சாமானியத் தச்சுப் பென்சிலால் வரைந்தவையே. தட்டையான அந்தக் குச்சியின் அகலத்தால் ஒரே இழுப்பில் நிழலையும், அதன் விளிம்பால் கோட்டையும் எடுத்து, விரலால் தேய்த்து வேலையை முடித்துவிடுவார். அங்கே மணல் இடறினாலும் கோடு சற்றுத் தடித்தாலும் படத்தின் வேகம் அதை விழுங்கிவிடும். ஆகவே தெருவில், ரயிலடியில், கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அவசர அவசரமாக உருவங்களைப் பிடிக்கிறவர்களும், இன்னும் கையைப் பழக்கிக்கொண்டிருக்கும் மாணவர்களும் பத்து ரூபாய்ப் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு குறையுமின்றி வேலை செய்யலாம் என்றே நான் நினைக்கிறேன். நடுத்தரமான HB, 2B ரகங்களில் நம் நாட்டுப் பென்சிலுக்கும் அயல்நாட்டுப் பென்சிலுக்கும் உள்ள வித்தியாசம், மாணவனின் நோட்டில் எனக்குத் தெரிந்தவரை தென்படுவதே இல்லை. மிஞ்சும் பணத்தை நல்ல காகிதத்தில் போடவேண்டும். ஏனெனில் கோட்டின் அழகில் பாதி காகிதத்தின் சொரசொரப்பைப் பொறுத்தது. மட்டமான தாளில் உயர்ந்த பென்சில் தன் குணத்தைக் காட்டவே வழியில்லை.

விலை வீணாவது எங்கே என்றால், பெரும்பாலும் தகரப் பெட்டியில்தான். பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று வரிசையாக அடுக்கிய பெட்டியைக் கண்டால் யாருக்கும் ஆசை எழும், எனக்கும் எழுகிறது. ஆனால் அதில் 5H, 3H, F முதலியவை பல ஓவியர்களிடம் சீவப்படாமலே கிடக்கும். பெயர்பெற்ற வரிசைகளையெல்லாம் கடைக்காரர்கள் தனித்தனியாகவும் விற்கிறார்கள்: 1905இல் தொடங்கிய ஃபேபர்-காஸ்டலின் பச்சை நிறக் காஸ்டல் 9000, 1930இல் வந்த ஸ்டெட்லரின் நீல நிற மார்ஸ் லுமோகிராஃப், 1966 முதல் ஜப்பானிய மிட்சுபிஷி பென்சில் கம்பெனி செய்துவரும் ஹை-யூனி ஆகிய எதையும் ஒன்றிரண்டாக வாங்கலாம். (இந்த மிட்சுபிஷிக்கும் மோட்டார் வண்டி மிட்சுபிஷிக்கும் பெயரும் மூன்று வைர முத்திரையும் ஒன்றே தவிர உறவு கிடையாது.) ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும். 2B என்றால் இவ்வளவு கறுப்பு என்று எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட பொது அளவு எதுவும் இல்லை. ஜப்பானியப் பென்சில் அதே எழுத்துள்ள ஜெர்மானியப் பென்சிலைவிடப் பொதுவாக மிருதுவாகவும் கறுப்பாகவும் இருக்கும். ஆகையால் ஒரே படத்தில் இரண்டையும் கலக்கிறவர், எழுத்தை நம்பாமல் துண்டுக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்த பிறகே தொடங்கவேண்டும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியா, ஆரிகன் பகுதிகளில் வளரும், சீடார் என்று வழங்கும் சைப்ரஸ் குடும்பத்து மரம் இழை நேராகவும் மெத்தென்றும் சீவப்படும். அதற்குக் கொஞ்சம் விலை உண்டு. கத்தியால் நீளமாகச் சீவி, குச்சியின் பக்கவாட்டைக் கொண்டு நிழலிடுகிறவர்களுக்கு அது சௌகரியம். மற்றவர்களுக்கு மரம் எதுவானாலும் அவ்வளவு பேதமில்லை. குச்சி மரத்தின் மையத்தில் இருக்கவேண்டும் என்பதொன்றே முக்கியம். கடையிலேயே பென்சிலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். ஒரு பக்கம் ஒதுங்கிய குச்சி, சீவும்போதெல்லாம் ஒருபுறம் மரம் மூடிக்கொண்டு மறுபுறம் உடைந்துகொண்டேயிருக்கும். அடிப்பக்கம் வர்ணத்தால் மூடியிருந்தால், சீவிய பென்சில் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

யாராவது என்னிடம் யோசனை கேட்டால், 2H ஒன்றும் 4B ஒன்றும் மட்டும் ஒரே கம்பெனியின் உயர்ந்த ரகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இடையிலுள்ள வேலைக்கு உள்ளூர்ப் பென்சிலே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். அவ்விரண்டும் தேய்ந்து கட்டைவிரல் நீளத்துக்கு வரும்வரை மூன்றாவதை வாங்கவேண்டாம். அதற்குள் எந்த இடத்தில் கறுப்பு போதவில்லை, எந்த இடத்தில் முனை சீக்கிரம் மழுங்குகிறது என்பது வரைந்த படங்களிலேயே தெரிந்திருக்கும். மூன்றாவது பென்சில் எது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

(தொடரும்)