பள்ளித் தொட்டியும் பஞ்சாயத்தின் கடமையும்

2015 டிசம்பரில் உபரி நீரைத் திறந்துவிடும் அளவுக்கு நிறைந்த செம்பரம்பாக்கம் ஏரி, 2019 கோடையில் வறண்டு கிடந்ததைக் கண்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சுற்றுப்புறங்களில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. பருவநிலை மாறிவரும் இக்காலத்தில், வெள்ளம், வறட்சி இரண்டையும் எதிர்பார்த்தே பள்ளிக் குழந்தைகளின் குடிநீருக்கு நாம் திட்டமிட வேண்டும்.

வெள்ளத்தின்போது தரைத்தொட்டியில் சாக்கடை நீர் கலந்துவிடுகிறது. தெளிவாகத் தோன்றும் நீரிலும் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சட்காமாலைக் கிருமிகள் இருக்கக்கூடும். ஆகவே வெள்ளம் வடிந்ததும் தொட்டியை முற்றிலும் இறைத்து, சேற்றை அகற்றி, தேய்த்துக் கழுவ வேண்டும். பின்னர் தெளிந்த நீரை நிரப்புக. கலங்கிய நீரில் குளோரின் நன்கு பயன்படாது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் தரமான பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்து, குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியுள்ளதா எனக் குளோரோஸ்கோப்பினால் சோதித்தறிக. வறட்சியில் லாரியில் வரும் நீருக்கும் இச்சோதனை தேவை.

நீர் குறைந்தால் கை கழுவுதலும் கழிப்பறைத் தூய்மையும் குன்றுகின்றன. வளர்ந்த மாணவியர் பள்ளிக்கு வரத் தயங்குகின்றனர். கூரை மழைநீரைச் சேமித்து இவற்றுக்கு உதவச் செய்யலாம். தொட்டியின் வாயை வெள்ளக் குறிக்கு மேல் உயர்த்துதல், கழிப்பறை அருகே சோப்பு வைத்தல் ஆகியன கிராம சபையில் தீர்மானித்து நிறைவேற்றத்தக்க பணிகளே. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இவற்றைச் செய்து முடிப்போமாக.