“வேண்டும்” என்றால் வேண்டுமா?

சட்டப் புத்தகங்களில் “ஷல்” என்று ஓர் ஆங்கிலச் சொல் அடிக்கடி வரும். “செய்ய வேண்டும்” என்று பொருள். இதில் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். ஒருவருடைய உத்தியோகமே இந்தச் சொல்லில் ஊசலாடியிருக்கிறது!

உத்தரப் பிரதேசக் கல்வி இலாகா அதிகாரி ஒருவரை, குற்றச்சாட்டின் பேரில் சர்க்கார் பதவியில் தாழ்த்தியது. இத்தகைய நடவடிக்கைகளில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 320-வது ஷரத்து. அங்கே உள்ள சொல் “ஷல்”தான். கமிஷனை முறைப்படி கலக்காததால் உத்தரவு செல்லாது என்று வாதாடினார் அதிகாரி.

1957-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. ஏன்? கமிஷனின் யோசனை சர்க்காரைக் கட்டுப்படுத்தாது. சில விஷயங்களில் கலக்கவே வேண்டாம் என்று விதி செய்யவும் அதே ஷரத்து இடம் கொடுக்கிறது. கலக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் அது சொல்லவில்லை. ஆகவே இது வழிகாட்டும் விதி. மீறினால் உத்தரவையே ரத்தாக்கும் கட்டாய விதியல்ல. அதற்காகக் கமிஷனை சர்க்கார் அலட்சியம் செய்யலாம் என்று கோர்ட் சொல்லிவிடவில்லை. ஆனால் அதிகாரிக்கு அதனால் என்ன லாபம்?

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. அதிகாரம் பிறர் நன்மைக்காகத் தரப்பட்டிருந்தால், “செய்யலாம்” என்பதும் கடமையாகக்கூடும் என்று 1880-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கூறியது.

அமெரிக்காவில் 2007-ல் சமஷ்டி சிவில் கோர்ட் விதிகளைத் திருத்தி எழுதியபோது, “ஷல்”லுக்கு விடை கொடுத்து, கட்டாயமான இடங்களில் “மஸ்ட்” என்றே போட்டுவிட்டார்கள்.