சாணார்பட்டித் தடத்து நடிகை

திண்டுக்கல்லில் நத்தம் பஸ் ஏறினால், ஊரைத் தாண்டியதும் வலது பக்கம் சிறுமலை கூடவே வரும். புளியமரம், மாந்தோப்பு, நடுநடுவே மானாவாரிக் காடு. சாணார்பட்டி, கோபால்பட்டி, அப்புறம் நத்தம். சாணார்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியாபுரம்தான் நடிகை துஷாரா விஜயனின் ஊர். என் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தத் தடத்துப் பெண்கள். 2021 ஜூலை வரை அவர்களில் ஒருத்தர்கூட இந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகஸ்டில் பார்த்தால் ஆளாளுக்கு அவருக்குச் சொந்தமாகிவிட்டார்கள். "நம்ம பக்கத்துப் புள்ளக்கா" என்று ஆரம்பித்தால் அளவு எடுத்து முடிக்கிற வரைக்கும் பேச்சு ஓயாது.

அந்த ஜூலை 22ஆம் தேதிதான் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வந்தது. கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்தும் ஓயாத நேரம். தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன. கல்யாணங்களை ஐம்பது பேருக்குள் முடித்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கும் வேலை குறைவு. கடையில் கூடமாட இருக்கிற பிள்ளை, ஓவர்லாக் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் படத்தை ஓட்டினாள். நானும் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் வடசென்னை, நெருக்கடி நிலைக் காலம், குத்துச்சண்டைப் பரம்பரைகளின் மானப்பிரச்சினை. கபிலனாக ஆர்யா, ரங்கன் வாத்தியாராக பசுபதி. படம் நெடுக ஆம்பளைகள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு நடுவில் கபிலனைக் கட்டிக்கொண்டு வருகிற மாரியம்மா, முதலிரவில் தலையைக் குனிந்து உட்காராமல் கொட்டுச் சத்தத்துக்கு எழுந்து ஆடுகிறாள். மாப்பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிறான். எங்கள் கடையில் அந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். பிற்பாடு அவன் குடித்துச் சீரழியும்போது அவள் அழுகிறாள், கத்துகிறாள், விட்டுப் போகாமல் இழுத்துப் பிடிக்கிறாள். குத்துச்சண்டை நுணுக்கம் எனக்குத் தெரியாது. மாரியம்மாவைத் தெரியும்.

என் பிழைப்பு துணி என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுதான். பழைய காலத்தைக் காட்டுகிற படங்களில் சேலையைச் சரியாகப் பிடித்துவிடுவார்கள், ஜாக்கெட்டில் கோட்டை விடுவார்கள். எழுபதுகளின் பூப்போட்ட சேலைக்கு உள்ளே இன்றைய கப் வைத்த கட்டிங் இருக்கும். மாரியம்மாவிடம் அப்படி எதுவும் உறுத்தவில்லை. துணியைக் காட்டிலும் அதைக் கட்டியிருந்த விதம்தான் என்னை நிமிர வைத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிற நிற்பு, தண்ணிக் குடம் தூக்கிப் பழகியவளுடைய நிற்பு. பிறகு விசாரித்தால் துஷாரா ஃபேஷன் டிசைனிங் படித்தவர், மாடலிங் செய்தவர் என்றார்கள். மாடலிங்கில் உடம்பை நிமிர்த்தி நடக்கத்தான் சொல்லித் தருவார்கள். அதை மறந்துவிட்டு நிற்கத் தெரிந்திருக்கிறது.

ஒரே படத்தில் மேலே வந்துவிட்டார் என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. 2019இல் 'போதை ஏறி புத்தி மாறி' என்று ஒரு சின்னப் படம் வந்து போனது. கதாநாயகியாக அறிமுகமானது அதில்தான். அதற்கும் மாரியம்மாவுக்கும் நடுவில் இரண்டு வருஷம். ஒரு நடிகையின் தொழில் வாழ்க்கையில் இந்த மாதிரி நடுக்காலத்தை யாரும் எழுதுவதில்லை. படம் வந்து, பெயர் வராமல், வாடகை மட்டும் மாசாமாசம் வருகிற காலம் அது. ஊரில் இருக்கிறவர்கள் "என்ன, அடுத்த படம் எப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் பக்கத்துக்கு நடிகை என்பவள் புதுசு இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் திருவிழா. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிகாலை வரை 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா'. பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடகங்கள். சுவாமிகள் 1922இல் காலமாகி நூறு வருஷம் தாண்டியும் மேடை ஓயவில்லை. ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறொரு ஊர், பபூன் இன்னொரு ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதெல்லாம் கிடையாது. தனித்தனியாகத் தேதி கொடுத்து, அன்றைக்கு ராத்திரி மேடையில் வந்துதான் கூடுவார்கள். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று ஊர்களில் அவர்களுக்குச் சங்கங்கள் உண்டு.

என் மாமியார் அந்த ஸ்திரீபார்ட்காரர்களுக்கு ஜிகினா வைத்த ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். பகலில் வந்தால் முன்வாசலில் நிற்க மாட்டார்களாம். பின்பக்கமாக வந்து வாங்கிக்கொண்டு போவார்களாம். ராத்திரி மேடையில் வள்ளியாக நின்றால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். மறுநாள் காலையில் வாடகைக்கு வீடு கேட்டால் கொடுக்காது. இந்த மேடையிலிருந்து சினிமாவுக்குப் போய் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கினார். பள்ளத்தூரில் வளர்ந்து நாடகம் ஆடிய மனோரமா, 1958இல் 'மாலையிட்ட மங்கை'யில் நுழைந்து கடைசி வரை நடித்தார். ஆனால் அவர்கள் எத்தனை பேருக்கு ஒருத்தர்?

இன்றைக்கு ஸ்திரீபார்ட்டின் இடத்தில் சீரியல் இருக்கிறது. எங்கள் வீடுகளில் சாயங்காலம் ஆறரைக்கு மேல் அடுப்படி வேலையே சீரியலுக்கு ஏற்ற மாதிரிதான். சின்னத்திரையிலிருந்து பெரிய திரைக்குப் போன பெண்களை எங்கள் வாடிக்கைக்காரிகள் விரல்விட்டுச் சொல்வார்கள். ஊட்டியைச் சேர்ந்த வாணி போஜன் விமானப் பணிப்பெண்ணாக இருந்து, சன் டிவியின் 'தெய்வமகள்' சத்யாவாக ஐந்து வருஷம் வீடு வீடாக இருந்தார். அது 2018இல் முடிந்தது. 'ஓ மை கடவுளே' 2020இல் வந்தது. பிரியா பவானி சங்கர் புதிய தலைமுறையில் செய்தி வாசித்தவர். 'கல்யாணம் முதல் காதல் வரை' சீரியல், பிறகு 2017இல் 'மேயாத மான்'. ஐஸ்வர்யா ராஜேஷ் 'மானாட மயிலாட'வில் ஆடி ஜெயித்தவர்.

சீரியலில் சம்பளம் நாள் கணக்கு. மாசத்தில் இத்தனை நாள் என்று தேதி கொடுத்துவிட்டால் வீட்டுச் செலவுக்குப் பயமில்லை. ஆனால் அந்தத் தேதியே கட்டிப்போடும். நல்ல படம் ஒன்று வந்து "நாளைக்கே வா" என்றால் போக முடியாது. ஒரே பாத்திரத்தை வருஷக்கணக்கில் செய்வதால் ஜனங்கள் அந்தப் பெயரிலேயே கூப்பிடுவார்கள். சினிமாக்காரர்களோ "டிவியில தினம் பார்க்கிற முகத்துக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?" என்பார்கள். வாணி போஜனும் பிரியாவும் இந்தச் சுவரைத் தாண்டிப் போனார்கள். துஷாரா சீரியல் பக்கம் போகாமல் நேரே சினிமாவிலேயே காத்திருந்தார். எது சரி என்று சொல்ல நான் யார்? காத்திருக்க வசதி வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சார்பட்டாவுக்குப் பிறகு துஷாரா நடித்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வாயில்லாத பெண் வேஷம் ஒன்றுகூட உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. 2022 ஆகஸ்ட் 31இல் வந்த 'நட்சத்திரம் நகர்கிறது' படத்தில் மறுபடி இரஞ்சித். புதுச்சேரியில் நாடகக் குழு ஒன்று ஆணவக் கொலையைப் பற்றி நாடகம் போடத் தயாராகிறது. அதில் ரெனே என்ற தலித் பெண்ணாக வருகிறார். காதலன் சாதியைச் சொல்லிக் குத்துகிற ராத்திரி அவனை விட்டு விலகுகிறாள். தன்னிடம் அத்துமீறிய ஒருவன் குழுவிலேயே இருக்கட்டும், திருந்தட்டும் என்று பேசுகிறாள். கடையில் இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்த இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒருத்திக்கு ரெனே திமிர் பிடித்தவள், இன்னொருத்திக்கு அவள்தான் எல்லாம். மாரியம்மாவைப் பிடித்த அளவு ரெனேவை எங்கள் பக்கத்தில் பிடிக்கவில்லை. காரணம் நடிப்பில் இல்லை. மாரியம்மா புருஷனுக்காகச் சண்டை போடுகிறாள், ரெனே தனக்காக. எனக்கு ரெனேதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

2023இல் இரண்டு படம். 'கழுவேத்தி மூர்க்கன்' அருள்நிதியின் படம், ராமநாதபுரம் சீமைக் கதை. துஷாராவுக்கு அதில் அதிக வேலை இல்லை. வசந்தபாலனின் 'அநீதி'யில் வசதியான வீட்டில் வேலை பார்க்கிற பெண், உணவு டெலிவரி செய்கிற அர்ஜுன் தாஸோடு காதல். மறுவருஷம் ஜூலையில் தனுஷின் ஐம்பதாவது படமாக அவரே இயக்கி நடித்த 'ராயன்', அக்டோபரில் ரஜினிகாந்தின் 'வேட்டையன்'. எங்கள் ஊரில் துஷாரா முகத்தை ஆம்பளைகளும் அடையாளம் சொன்னது இந்த இரண்டுக்குப் பிறகுதான்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ராயனில் தங்கை துர்கா, வேட்டையனில் அரசுப் பள்ளி டீச்சர் சரண்யா. ஒருத்தியைச் சீரழிக்கிறார்கள், இன்னொருத்தியைக் கொன்றே போடுகிறார்கள். அதன் பிறகு அண்ணனும் போலீஸ்காரரும் கோபப்படுகிறார்கள், படம் நகர்கிறது. துர்காவாவது ஆஸ்பத்திரிக் காட்சியில் திருப்பி அடிக்கிறாள். தியேட்டரில் அந்த இடத்துக்குத்தான் விசில். சரண்யா டீச்சரோ, கஞ்சா கடத்துகிறவர்களைப் பிடித்துக் கொடுக்கிற துணிச்சலோடு வந்து, நமக்குப் பழகுவதற்குள் போய்விடுகிறாள். பெரிய நடிகர் படத்தில் ஒரு பெண்ணுக்கு நல்ல வேஷம் என்றால் அவள் சாக வேண்டும் என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

2025 மார்ச் 27இல் வந்த 'வீர தீர சூரன்' எனக்கு அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. விக்ரம் மளிகைக்கடைக்காரர் காளி, துஷாரா அவர் மனைவி கலை, இரண்டு பிள்ளைகள். மதுரைப் பக்கத்தில் ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. புருஷன் பழைய வம்புக்குத் திரும்பப் போகிறான் என்று தெரிந்ததும் கலைக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அது எங்கள் தெருவில் தினம் கேட்கிற கோபம். அந்தப் படம் வெளியான நாளே தனிக் கதை. பணம் போட்ட நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட, காலைக் காட்சிகள் ரத்து. சாயங்காலம்தான் படம் ஓடியது. மாசக்கணக்கில் உழைத்துவிட்டு, தனக்குச் சம்பந்தமே இல்லாத வழக்குக்காக நடிகை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இதுவும் சேர்த்தி.

இன்னொன்றையும் கவனித்தேன். மாரியம்மாவும் பிள்ளை பெற்றவள், கலையும் பிள்ளை பெற்றவள். இளம் நடிகை அம்மா வேஷம் கட்டினால் மார்க்கெட் போய்விடும் என்பது கோடம்பாக்கத்துச் சாஸ்திரம். 2015இல் 'காக்கா முட்டை'யில் ஐஸ்வர்யா ராஜேஷ் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக நடித்து, அதன் பிறகுதான் பெரிய ஆளானார். சாஸ்திரம் எழுதினவர்களுக்கு ஞாபகசக்தி கம்மி போலிருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுத வைத்தது ஒரு காலேஜ் பொண்ணு. கோபால்பட்டிப் பக்கம். அம்மாவோடு வந்து பாவாடை தாவணி தைக்கக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டால் போட்டோ எடுக்கவாம். சென்னையில் ஆடிஷனுக்கு அனுப்ப வேண்டுமாம்.

"நாட்டுப்புறமா இருக்கணுங்கா. ஆனா ரொம்ப நாட்டுப்புறமாவும் இருக்கக் கூடாது" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. ஒருத்தன் போன்ல பேசி, பேர் பதியறதுக்கு இருபதாயிரம் கட்டச் சொல்றான்" என்றார்.

"பணம் கேட்டாலே அவன் சினிமாக்காரன் கிடையாது தங்கச்சி. வேஷம் கொடுக்கிறவன் நமக்குல்ல சம்பளம் கொடுக்கணும்?" என்றேன். பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். பாதி கட்டிவிட்டாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வேறு பயமும் இருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2024 ஆகஸ்டில் கேரளத்தில், சினிமாவில் பெண்கள் படும் பாட்டைப் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை வெளியானதும் இங்கேயும் பேச்சு கிளம்பியது. செப்டம்பரில் நடிகர் சங்கத்தின் விசாரணைக் குழு, நடிகை ரோகிணி தலைமையில், பாலியல் புகார் நிரூபணமானால் ஐந்து வருஷம் தடை என்று தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் பத்திரிகை, டிவி பக்கம் போகாமல் குழுவிடம் வாருங்கள் என்றும் சொன்னார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. சத்தம் போட்டால்தான் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற ஊர் இது. அதோடு, இன்னும் ஒரு படம்கூட நடிக்காத, சங்கத்து அட்டையே இல்லாத பொண்ணு எந்தக் கதவைத் தட்டுவாள்?

"துஷாரா அக்காவும் நம்ம தடத்துலருந்துதானக்கா போனாங்க?" என்று பொண்ணு கேட்டாள். ஆமாம் என்றேன். படித்துவிட்டுப் போனார், முதல் படம் போன இடம் தெரியாமல் போயும் திரும்பி வராமல் இருந்தார் என்பதையும் சொன்னேன். அம்மா உடனே, "குரூப் ஃபோர் பரீட்சையும் எழுதணும், அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் இந்தத் தாவணி" என்றார். பொண்ணு ஒத்துக்கொண்டாள். கழுத்து இறக்கத்தில் மட்டும் அம்மாவும் மகளும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் நான் நடுவில் ஒரு அளவு குறித்துக்கொண்டு, இருநூறு ரூபாய் முன்பணம் வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினேன்.