சிரிஞ்ச் பம்பு எதை எண்ணுகிறது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "டாக்டர், அந்த மெஷின் ஓடவே இல்லை போலிருக்கிறதே?" படுக்கையருகே கம்பத்தில் பொருத்தப்பட்டுள்ள சிரிஞ்ச் பம்பைத்தான் உறவினர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நெடுநேரம் பார்த்தும் சிரிஞ்சில் மருந்து குறைந்ததாகத் தெரியவில்லை என்பது அவர்களது கவலை. கவலை இயல்பானதே, ஆனால் பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நார்அட்ரினலின், இன்சுலின், மயக்க மருந்துகள் போன்றவை மணிக்கு இரண்டு மூன்று மி.லி. அளவிலேயே உடலுக்குள் செல்லவேண்டியவை. சொட்டுகளை எண்ணி இந்த நுண்மையை அடைய இயலாது. அதற்காகவே பம்பினுள் ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று இருக்கிறது.

மின்விசிறியின் மோட்டார் மின்சாரம் பாய்ந்ததும் தொடர்ந்து சுழலும். ஸ்டெப்பர் மோட்டார் அப்படியன்று. நடுவே பற்களுடைய காந்த உருளை. சுற்றிலும் கம்பிச் சுருள்கள். ஒரு சுருளிலிருந்து அடுத்ததற்கு மின்னோட்டம் மாறும்போது உருளை 1.8 பாகை மட்டும் திரும்பி நின்றுவிடும். இத்தகைய 200 படிகள் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. எந்தச் சுருளுக்கு, எந்த நொடியில் மின்சாரம் தரவேண்டும் என்பதை மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு கணினிச் சில்லு தீர்மானிக்கிறது. செவிலியர் அழுத்தும் எண்ணை, இத்தனை நொடிக்கு ஒரு படி என்று அது மாற்றிக்கொள்கிறது.

மோட்டாருடன் இணைந்த திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்துவதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு படிக்கு 0.005 மில்லிமீட்டர். 50 மி.லி. சிரிஞ்சில் பிஸ்டன் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அரை மி.லி.க்குச் சற்று அதிகமாக மருந்து வெளியேறும். மணிக்கு 2 மி.லி. வேண்டுமெனில், பிஸ்டன் ஒரு மணி நேரத்தில் நகர்வது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். ஐந்து நொடிக்கு ஒரு படி. கண்ணுக்குப் புலப்படாததில் வியப்பில்லை. பல்சக்கரங்களைச் சேர்த்து ஒவ்வொரு படியையும் மேலும் நுண்மையாக்குவதும் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பம்பு மருந்தை அளப்பதில்லை, படிகளையே எண்ணுகிறது. சிரிஞ்சின் விட்டம் மாறினால் அதே படிக்கு வேறு அளவு மருந்து செல்லும். செவிலியர் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சின் நிறுவனப் பெயரையும் அளவையும் திரையில் சரிபார்ப்பது இதனால்தான். அவர் தாமதிக்கிறார் என்று எண்ணவேண்டாம்.

குழாய் மடங்கி அடைபட்டாலும் மோட்டார் படிகளை எண்ணியபடியே தள்ளும். பிஸ்டன்மீது கூடும் அழுத்தத்தை ஓர் உணரி கண்டறிந்த பிறகே அலாரம் ஒலிக்கும். வேகமாக ஓடும் பம்பில் இதற்கு ஓரிரு நிமிடங்கள் போதும். மணிக்கு 1 மி.லி. ஓடும் பம்பிலோ அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை நோயாளிக்கு மருந்து செல்வதில்லை; தள்ளப்பட்ட மருந்து அழுத்தத்தோடு குழாய்க்குள் காத்திருக்கிறது. மடிப்பை நேராக்கினால் அது ஒரே வீச்சில் உள்ளே பாயும். அடைப்பை உணர்ந்ததும் மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றி அழுத்தத்தைத் தணிக்கும் பம்புகளும் உண்டு. எல்லாப் பம்புகளும் அவ்வாறு செய்வதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அலாரம் ஒலித்ததும், தந்தையின் முழங்கைக்கடியில் சிக்கியிருந்த குழாயை மகன் ஒருவர் நல்லெண்ணத்தோடு நேராக்கினார். சிறிது நேரத்தில் இரத்த அழுத்தம் 190ஐத் தாண்டியது. சில நிமிடங்களில் இறங்கிவிட்டது, தீங்கேதும் நேரவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாங்கள் முன்னரே விளக்கியிருக்கவேண்டும்.

ஆகவே, மடிப்பு கண்ணில் பட்டாலும் குழாயைத் தொடாமல் செவிலியரை அழையுங்கள். அவர் நோயாளியின் பக்கம் குழாயை மூடி, அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே மீண்டும் திறப்பார். அலாரத்தின் ஒலியை நிறுத்தும் பொத்தானையும் நீங்கள் அழுத்தவேண்டாம். இடவசதிக்காகப் பம்பை மேலே ஏற்றுவதோ கீழே இறக்குவதோ கூடாது. உயரம் மாறும்போது சிறிதளவு மருந்து கூடுதலாகச் செல்லலாம், அல்லது சற்று நேரம் செல்லாமலே இருக்கலாம். குழாயை மூடாமல் சிரிஞ்சைப் பம்பிலிருந்து கழற்றினால், பிஸ்டனைப் பிடித்துநிறுத்த எதுவும் இராது. மருந்து தானாகவே உள்ளே இறங்கக்கூடும்.

ஒரே மருந்தின் பெயரைத் தாங்கிய இரண்டு பம்புகள் அருகருகே இருப்பதைக் கண்டு, மருந்து இருமடங்காகச் செல்கிறதோ என்று சிலர் அஞ்சுவதுண்டு. நார்அட்ரினலினின் விளைவு சில நிமிடங்களிலேயே தேய்ந்துவிடும். எனவே முதல் சிரிஞ்ச் தீருமுன்பே அடுத்ததைத் தயாராக வைக்கிறோம். புதிய பம்பின் மோட்டார், திருகு, பிஸ்டன் ஆகியவற்றுக்கிடையே உள்ள சிறு தளர்வு நீங்கி மருந்து சீராக வரும்வரை, செவிலியர் இரண்டையும் கவனித்தபடி படுக்கையருகிலேயே நிற்பார்.