விளையாட்டும் வினையும்

விளையாட்டு வினையாகும் என்பது நம் நாட்டு முதுமொழி. கணிப்பொறித் திரையில் ஆடும் ஆட்டங்களைக் கடியும் பெற்றோரும் இதையே சொல்லுகின்றனர். ஆனால் வினை என்பதற்குத் துன்பம் என்பது மட்டுமா பொருள்? செயல் என்பதும் பொருளன்றோ? அத்தகைய ஆட்டமொன்று உலகுக்குப் பயன்தரும் செயலாக மாறிய வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்களாகிய மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. அம்மாலை சுருண்டு மடிந்து, தனக்கே உரிய வடிவத்தை அடைகிறது. அவ்வடிவத்தைப் பொறுத்ததே அதன் தொழில். நோய் தரும் வைரஸின் புரத வடிவம் தெரிந்தால், பூட்டைப் பார்த்துச் சாவி செய்வதுபோல, அதை அடக்கும் மருந்தைத் தேடலாம். ஆனால் ஒரு மாலை மடியக்கூடிய வகைகளோ எண்ணில் அடங்கா.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் 2008-ஆம் ஆண்டில் இச்சிக்கலையே 'ஃபோல்டிட்' என்னும் ஆட்டமாக்கி வெளியிட்டனர். திரையில் தோன்றும் புரதத்தை ஆடுவோர் முறுக்கலாம், மடிக்கலாம். நன்கு மடிந்தால் மதிப்பெண் உயரும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயை உண்டாக்கும் வைரஸ் ஒன்றின் நொதி, பத்தாண்டுகளுக்கு மேலாக அறிஞர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதன் வடிவத்தைக் கண்டறிய உதவிய மாதிரியை ஆட்டக்காரர்கள் மூன்று வாரங்களில் அமைத்துவிட்டனர். 2011-இல் இச்செய்தி வெளியாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் இத்துறையைப் பயின்றவர் அல்லர்.

இது எவ்வாறு இயன்றது? அந்நாளைய கணிப்பொறி, பெரும்பாலும் உடனே பயன்தரும் மாற்றங்களையே நாடிச் சென்று இடைவழியில் சிக்கிக்கொண்டது. மனிதனோ, மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும் என்று கட்டியதைப் பிரித்து மீண்டும் கட்டத் துணிந்தான்.

இதனால் எல்லா இடர்களையும் ஆடியே தீர்த்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபோல்டிட்டின் மதிப்பெண், புரதத்தின் ஆற்றலைக் கணக்கிட்டு இடப்படுவது. ஆற்றல் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். அஃது இயற்கையின் அளவுகோலைத் தழுவியது. பசிக்கும் போருக்கும் அத்தகைய அளவுகோல் ஏது? நிலமுடையவன் நலம் வேறு. உழுபவன் நலம் வேறு. அவற்றைப் பற்றிய ஆட்டத்தில் மதிப்பெண் இடுவது ஆட்டத்தை அமைத்தவரின் கருத்தே ஆகும். அவ்வாட்டம் நமக்கு அறிவூட்டலாம். தீர்வு தருவது அரிது என்பதே என் கருத்து.

புரத வடிவங்களை வியக்கத்தக்க திருத்தத்துடன் கணிக்கும் 'ஆல்ஃபாஃபோல்டு' என்னும் கணிப்பொறி முறை 2020-இல் தன் திறமையை நிலைநாட்டியது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், ஃபோல்டிட்டின் தோற்றத்தில் பங்குகொண்ட டேவிட் பேக்கரும் 2024-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். ஹசாபிஸ் இளமையில் கணிப்பொறி ஆட்டங்களை உருவாக்கியவர் என்பது நினைக்கத்தக்கது.

அப்படியானால் ஆட்டக்காரர்களுக்கு இனி வேலை இல்லையா? இயற்கையில் இல்லாத புதிய புரதங்களை வகுப்பதிலும் அவர்கள் ஈடுபட்டனர். ஆய்வகத்தில் சோதித்த 146 வடிவமைப்புகளில் 56 உறுதியாக மடிந்து நின்றன என்று 2019-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

ஆகவே, மாணவர்களே, ஓர் ஆட்டம் உலகுக்கு உதவுமா என்று யாரேனும் வினவினால், அதில் மதிப்பெண் இடுவது யார், எந்த அளவுகோலைக் கொண்டு இடுகிறார் என்று முதலில் கேளுங்கள். விடை அதிலிருந்து தொடங்கும்.